ஏரிஸுக்கு வாங்கி வைத்த கோல்

கோத்தகிரியிலிருந்து வரும் கல்லூரித் தம்பி ஒருவன், ஸ்டிக் தானாக நகர்கிறது என்று போன வாரம் தன் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தான். நான் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, ஃபைனல் ஃபேண்டஸி பதினாறு முடிச்சுட்டேன். சண்டையெல்லாம் செம. ஆனா ஏழாவதோட ரீமேக் ஆடுனப்ப இருந்த ஏதோ ஒண்ணு இதுல இல்ல. இந்த சீரீஸ் அடையாளத்தைத் தொலைச்சிடுச்சா?" அவன் கேட்டது, எண் போட்டு வரிசையாக வந்துகொண்டிருக்கும் அந்த ஜப்பானிய வீடியோ கேம் தொடரைப் பற்றி. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். குன்னூரில் மழை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்கு யார் வரப்போகிறார்கள்? உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

தம்பி, தொலைந்ததுதான். ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் அது தொலையவில்லை.

எல்லோரும் தேடுவது சண்டை முறையில். நீ ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று வரிசை வைத்து அடித்துக்கொள்ளும் டர்ன் பேஸ்டு முறைதான் ஃபைனல் ஃபேண்டஸி, அது போனதும் எல்லாம் போச்சு என்பது பழைய ஆட்களின் புலம்பல். இந்தப் புலம்பலை நீ நம்ப வேண்டியதில்லை. உனக்குப் பிடித்த 2020 ரீமேக்கே டர்ன் பேஸ்டு இல்லையே. ஓடிக்கொண்டே கத்தி வீசுகிறாய், உருண்டு தப்பிக்கிறாய். அதில் கிடைத்தது பதினாறில் கிடைக்கவில்லை என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

சண்டை முறையைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். முதல் ஆட்டம் 1987 டிசம்பரில், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற கேம் பெட்டிக்கு வந்தது. ஸ்கொயர் நிறுவனம், ஹிரோனோபு சகாகுச்சியின் தலைமை. கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது, இதுதான் கடைசி ஆட்டம் என்பதால் 'ஃபைனல்' என்று பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. பின்னாளில் சகாகுச்சி சொன்னது வேறு. எஃப்.எஃப். என்று சுருங்குகிற பெயர் வேண்டும் என்று 'ஃபைட்டிங் ஃபேண்டஸி' என்று யோசித்தார்களாம். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொன்று இருந்ததால் 'ஃபைனல்' ஆனதாம். அடையாளம், அடையாளம் என்று சண்டை போடுகிறோம். பெயரே இரண்டாவதாகத் தோன்றியதுதான்.

1988இல் வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே லெவல் ஏறும் முறையைத் தூக்கி எறிந்தார்கள். எதை அதிகம் செய்கிறாயோ அது வளரும். அடி வாங்கினால் உயிர் கூடும். விளைவு, ஆடுகிறவர்கள் சொந்தக் கூட்டாளியையே அடித்து அவன் உயிரை ஏற்றிக்கொண்டார்கள்! மூன்றாவதில் நினைத்தபோது தொழிலை மாற்றிக்கொள்ளலாம். 1991இல் வந்த நான்காவதில் வடிவமைப்பாளர் ஹிரோயுகி இட்டோ, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் ஏ.டி.பி. (ஆக்டிவ் டைம் பேட்டில்) முறையைக் கொண்டுவந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வொரு காரும் அதனதன் வேகத்தில் ஓடி ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து வந்த யோசனை அது. அன்றைக்கே சுத்தமான டர்ன் பேஸ்டு போய்விட்டது. நீ யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான். 2001இல் பத்தாவது அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி நிதானமான முறைக்குத் திரும்பியது. அடுத்த வருடமே பதினொன்றாவது, ஆன்லைன் ஆட்டம். 2006இல் பன்னிரண்டாவது, சண்டைக்கென்று தனித்திரையே இல்லை. ஒவ்வொரு முறையும் "இது ஃபைனல் ஃபேண்டஸியே இல்லை" என்று யாராவது கத்தியிருக்கிறார்கள். எட்டாவது வந்தபோது கத்தியவர்களில் நானும் உண்டு.

(எட்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரியிடமிருந்து மந்திரத்தை உறிஞ்சி, ஒவ்வொன்றையும் நூறு வரை சேர்த்து, அதை உடம்பு பலத்தோடு கோத்துக்கொள்ள வேண்டும். மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவன் ஒருவன் அந்த மணி நேரம் முழுக்க ஒரே எதிரியிடம் உறிஞ்சிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கு எட்டாவது மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

சரி, சண்டை முறை இல்லை. கதையா? அதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் புது உலகம், புது ஆட்கள். சொக்கோபோ பறவை, மூகிள் என்ற குட்டிப் பிராணி, சிட் என்ற பெயரில் ஒருவர், படிகங்கள், யோஷிடாக்கா அமானோ வரையும் முகப்புச் சித்திரம், நொபுவோ உவேமாட்சுவின் அந்த ஏறி இறங்கும் ஆரம்ப இசை, இதெல்லாம் தொடர்ந்து வருகிறது என்பார்கள். வருகிறது. பதினாறிலும் சொக்கோபோ இருக்கிறது, சிட் இருக்கிறார், அமானோவும் இருக்கிறார். இருந்தும் உனக்கு ஏதோ குறைகிறது. அப்படியென்றால் இதெல்லாம் பொட்டும் பூவும்தான்.

இப்போது என் கதையைக் கொஞ்சம் கேள்.

2000வாக்கில் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற படிக்கட்டுகளில் ஒன்றின் ஓரமாக ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதன் பின்னறையில் இரண்டு டிவி, இரண்டு பிளேஸ்டேஷன். ஒன்று நேராக இருக்கும். இன்னொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடி ஓடும். பழைய பிளேஸ்டேஷனில் லென்ஸ் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து, லென்ஸ் சாய்ந்துவிடும். கவிழ்த்துப் போட்டால் எடை மறுபக்கம் விழுந்து மறுபடி படிக்கும். இதெல்லாம் பிற்பாடு பழுது பார்க்க வந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அதை ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி செய்தோம். சிடிகள் எல்லாமே நகல், வேறென்ன. மலைப்பனியும் ஐப்பசி மழையும் சேர்ந்து சிடியில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸிலும் பிடிக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுதான் எங்கள் மருத்துவம்.

கடைக்கு ஒரே மெமரி கார்டு. அதில் பதினைந்து கட்டங்கள். ஏழாவது ஆட்டம் ஒருவனுக்கு ஒரு கட்டம் எடுக்கும். பதினாறாவது ஆள் ஸேவ் பண்ண வந்தால் யாருடையதாவது அழியும். அதனால் நாங்கள் ஆறு பேர் ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டோம். ஒருவன் ஆட, ஒருவன் இங்கிலீஷ் படித்துச் சொல்ல, மற்றவர்கள் "அவளை விடு, இவனைக் கூட்டிட்டுப் போ" என்று பின்னாலிருந்து உயிரை வாங்க, இப்படித்தான் முதல் சிடி முழுக்க ஓடியது. ஏழாவது ஆட்டம் மூன்று சிடி.

முதல் சிடியின் முடிவில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். ரீமேக்கின் இரண்டாம் பாகமான ரீபர்த் வரை ஆடியவன் நீ. கூட்டத்தில் நம்மோடு வரும் அந்தப் பெண்ணுக்கு எங்கள் பதிப்பில் ஏரிஸ் என்று பெயர், ஏரித் ஆனது பிற்பாடு. அவள் எங்களை விட்டுத் தனியாகக் கிளம்பிப் போகிறாள். தேடிப் போகிறோம். திரும்ப வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், எங்களில் ஒருவன் இருந்த பணத்தில் கடையில் அவளுக்கு ஒரு நல்ல கோல் வாங்கி வைத்திருந்தான். அந்த ஆட்டத்தில் ஒருவர் ஆயுதத்தை இன்னொருவர் எடுக்க முடியாது. பெரிய வாள் கிளவுடுக்கு, துப்பாக்கிக் கை பாரெட்டுக்கு, கோல் ஏரிஸுக்கு.

அவள் செத்துப்போனாள். அடுத்த நொடி ஒரு பெரிய சண்டை வந்தது. வழக்கமான பாஸ் சண்டை இசை இல்லை. அவளுடைய இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை முடிந்து, அவளைத் தண்ணீரில் விட்டு, திரையில் இரண்டாவது சிடியைப் போடச் சொல்லி வந்தது. போட்டோம். ஓடவில்லை. பூஞ்சை. துடைத்தோம், கவிழ்த்தோம், நேராக வைத்தோம். ஓடவே இல்லை.

வேறு நகல் கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு மாதம் ஆனது. நான்கு மாதமும் எங்களுக்கு அந்த ஆட்டம் அங்கேயே முடிந்திருந்தது. பழைய ஸேவைத் திறந்து இருப்பில் பார்ப்போம். அந்தக் கோல் இருக்கும். பிடிக்க ஆள் இருக்க மாட்டாள். இரண்டாவது சிடியில் அவளை உயிர்ப்பிக்க வழி இருக்கிறது என்று ஒருத்தன் சத்தியம் செய்தான். உலகம் முழுக்க அப்போது இப்படி ஒருத்தன் சத்தியம் செய்துகொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சினிமாவில் ஒரு கதாபாத்திரம் செத்தால் அழுகை வரும், அவ்வளவுதான். இங்கே செத்தது எங்கள் கணக்கில் இருந்த ஆள். அவளுக்கு எந்த மந்திரம், எந்தக் கவசம், யார் அடிபட்டால் அவள் முந்திக்கொண்டு குணப்படுத்த வேண்டும் என்று முப்பது மணி நேரம் யோசித்திருந்தோம். அந்த யோசனை முழுக்கத் திடீரென்று வேலையற்றுப் போனது. அதுதான் வலித்தது. அந்தத் தொடரின் வேலையே இதுதான் என்று நினைக்கிறேன்: உன்னிடம் சில ஆட்களை ஒப்படைத்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது.

பின்னோக்கிப் பார். முதல் ஆட்டத்தில் பெயரில்லாத நான்கு பேர். யார் சண்டைக்காரன், யார் வெள்ளை மந்திரக்காரி என்று நீயே தேர்ந்து, நீயே பெயர் வைக்க வேண்டும். அவர்கள் இளவரசியை மீட்டு வந்ததும் ராஜா உடைந்த பாலத்தைக் கட்டிக் கொடுப்பார். அந்தப் பாலத்தில் கால் வைத்த பிறகுதான் ஆட்டத்தின் தலைப்பே இசையோடு வரும். நால்வரும் சேர்ந்து ஊரை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில்தான் ஆட்டம் தொடங்குகிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவதில் நான்காவது இடத்துக்கு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள், பலர் செத்துப்போவார்கள். ஐந்தாவதில் ஒரு தாத்தா சாவார். அவர் கற்ற வித்தை எல்லாம் பேத்திக்கு அப்படியே வந்து சேரும். கதையில் சொல்கிற வாரிசுரிமையை மெனுவிலும் செய்து காட்டிவிட்டார்கள். பன்னிரண்டாவதில் கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே சட்டம் எழுதி வைக்கலாம்: நம்மில் ஒருவர் உயிர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே க்யூர் என்ற குணப்படுத்தும் மந்திரத்தைப் போடு, இப்படி. வீட்டை விட்டு வெளியூர் போகும் அம்மா அடுப்படியில் சீட்டு ஒட்டி வைப்பது மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த முறை.

நம்ம ஊர் ரயிலையே எடுத்துக்கொள். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் மூச்சிரைக்க ஏறி வருகிற வண்டியை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. குன்னூர் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் இறங்கி டீ குடித்து, வர்க்கி வாங்கி, போட்டோ எடுத்து மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். எஞ்சின் மாறிவிட்டதே, இது வேறு ரயில் என்று யாரும் உதகைக்கு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்த நீராவி எஞ்சின்களில் பலவும் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறி வருடங்கள் ஆகின்றன. பெட்டியில் கூட வந்தவர்கள் அதே ஆட்களாக இருக்கும்வரை பயணம் அதுதான்.

2023 ஜூனில் வந்த பதினாறுக்கு வருவோம். எஞ்சின் பிரமாதம். சண்டையை வடிவமைத்த ரியோட்டா சுசுகி, கேப்காம் நிறுவனத்தில் டெவில் மே க்ரை ஐந்து என்ற அதிரடி ஆட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் கை தெரிகிறது. பாஹமுட் என்ற ராட்சத டிராகனோடு மோதும் கட்டத்தை நான் மூன்று முறை ஆடினேன், மூன்று முறையும் வாய் திறந்தபடியே. ஆனால் பெட்டியில் ஏறிப் பார்த்தால் ஒரே ஒருவன். நாயகன் கிளைவ். அவன் தோழி ஜில் பக்கத்திலேயே ஓடி வருகிறாள், வாள் வீசுகிறாள், பனி எறிகிறாள். அவளுக்கு என்ன ஆயுதம் என்று நீ யோசிக்க வேண்டியதில்லை, கொடுக்கவே முடியாது. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. நெருப்புக்குப் பனி என்ற பழைய கணக்கும் இல்லை, விஷம், உறக்கம், ஊமையாக்கல் எதுவும் இல்லை. யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாததால் இந்தக் கணக்குகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நாய் டோர்கலுக்கு மட்டும் கட்டளை போடலாம். நாலு பேரிலிருந்து மூன்று பேராகி, கடைசியில் ஒரு நாய்! நாய் நல்ல நாய்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒரு சந்தேகம் வரும்: 2016இல் வந்த பதினைந்தாவதிலும் ஆரம்பத்தில் நாயகன் நாக்டிஸை மட்டும்தானே ஆட முடிந்தது? உண்மை. மற்றவர்களுக்கு மாறுவதைப் பிறகுதான் சேர்த்தார்கள். அந்த ஆட்டத்தில் ஓட்டைகள் ஏராளம். பத்து வருடம் இழுத்தடித்துப் பாதியில் வேறு ஆளிடம் கைமாறிய வீடு மாதிரி, ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் சுவர் ஒட்டாது. இருந்தும் ஒவ்வொரு ராத்திரியும் கூடாரம் அடித்து, தோழன் இக்னிஸ் சமைத்து, அன்று இன்னொரு தோழன் ப்ராம்ப்டோ எடுத்த போட்டோக்களை நால்வரும் பார்ப்பார்கள். எதை வைத்துக்கொள்வது என்று நீ தேர்வு செய்ய வேண்டும். கடைசிச் சண்டைக்கு முன்னால் அந்த மொத்தப் போட்டோக்களிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் எடுத்தது ஒரு பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் அசடு வழிய நிற்கும் படம். ஆளைக் கட்டுப்படுத்துவதா இல்லையா என்பது முக்கியமில்லை என்று எனக்குப் புரியவைத்தது அந்தப் படம்தான். அவர்கள் உன் பொறுப்பாக இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அதே காரணத்தால் எல்லோரும் திட்டுகிற பதின்மூன்றாவதை நான் பதினாறுக்கு மேலே வைப்பேன். நீண்ட நடைபாதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பேருக்கும் யார் அடிக்க, யார் தாங்க, யார் குணப்படுத்த என்று சண்டை நடுவிலேயே வேடம் மாற்றிக்கொண்டே இருப்பதில் அந்தப் பழைய படபடப்பு இருந்தது.

இன்னொரு வேடிக்கை. பதினாறைத் தயாரித்த நாவோகி யோஷிடாதான் பதினான்காவது ஆன்லைன் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர். 2010இல் வந்து படுதோல்வி அடைந்த அந்த ஆட்டத்தை 2012 நவம்பரில் கதைப்படியே உலகத்தை அழித்து மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார். அதில் அடி தாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர், அடிக்க இருவர் என்று நான்கு நிஜ மனிதர்கள் சேர்ந்தால்தான் குகைக்குள் போக முடியும் என்று வைத்தார்கள். பிற்பாடு துணைக்குக் கணினி ஆட்கள் வந்தது தனி. தொடரைப் பெற்ற சகாகுச்சி கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்டார். இப்போது அந்தப் பதினான்காவதில்தான் ஒரு சாதாரண ஆட்டக்காரராக மூழ்கிக் கிடக்கிறார். கூட்டு என்றால் என்னவென்று அந்தக் குழுவுக்குத் தெரியாமல் இல்லை. தனி ஆட்டத்துக்கு வேண்டாம் என்று தெரிந்தே விட்டார்கள்.

ஏன் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மெனு பார்த்து ஆட மாட்டார்கள் என்ற எண்ணம். இதை நான் ஒப்பமாட்டேன். சண்டைக்கார ஆட்டமாக இருந்த யாகுசா தொடர் 2020இல் டர்ன் பேஸ்டாக மாறி நன்றாகவே பிழைத்தது. டர்ன் பேஸ்டான பால்டர்ஸ் கேட் மூன்று, பதினாறு வந்த அதே வருடத்தில் பரிசையெல்லாம் அள்ளியது. 2025இல் பிரான்சிலிருந்து வந்த கிளேர் ஆப்ஸ்க்யூர், பழைய ஃபைனல் ஃபேண்டஸிகளில் ஊறியவர்கள் செய்தது, மூன்றே நாளில் பத்து லட்சம் பிரதி விற்றது. டிராகன் குவெஸ்ட் மாதிரி மாறாமலே இரு என்று நான் கேட்கவில்லை; அது அந்தத் தொடரின் குணம், இதற்கு ஒத்துவராது. ரீமேக்கும் ரீபர்த்தும் ஓட்டமும் அடியுமாகவே இருந்துகொண்டு, ஆள் மாற்றி ஆட வைத்து, ரீபர்த்தில் இருவர் சேர்ந்து அடிக்கும் அடியும் வைத்து, கூட்டு ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டன. அதே கம்பெனிதான். அடுத்த எண்ணைச் செய்கிறவர்கள் ரீமேக்கின் வழி, பதினாறின் வழி இந்த இரண்டில் எதைப் பார்த்து எழுதப்போகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆவல்.

உன் கன்ட்ரோலர் தயார், ஸ்டிக் மாற்றிவிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். வரும்வரை சும்மா இருக்காதே. ஆறாவதின் பிக்சல் ரீமாஸ்டர் 2022இல் வந்தது, உன் லேப்டாப்பிலேயே ஓடும். பதினான்கு பேர் வருவார்கள், எல்லோரையும் பிடிக்க வேண்டும் என்றில்லை. பாதியில் மிதக்கும் கண்டம் என்று ஒரு இடம் வரும். அங்கிருந்து தப்பிக்க ஆறு நிமிடம் தருவார்கள், கடிகாரம் இறங்க ஆரம்பிக்கும், ஓடத்தான் தோன்றும். விளிம்புக்கு வந்ததும் குதிக்கிறாயா, காத்திருக்கிறாயா என்று கேட்கும். ஏன் என்று இப்போது கேட்காதே. ஐந்து வினாடி மிச்சம் இருக்கும்வரை காத்திரு.